தளபதியோடு எனக்குள்ள பகை

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. செத்து ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேலாகிறது, என் குடும்பத்துக்கு நேரடியாக ஒரு கெடுதலும் செய்தவன் இல்லை, ஆனாலும் பிடிக்காது. கான்ஸ்டான்டிநோபிளில் உட்கார்ந்திருந்த பேரரசருக்காகப் பாரசீக எல்லை, ஆப்பிரிக்கா, இத்தாலி என்று ஓடி ஓடிச் சண்டை போட்டவன். ஜெயித்ததையெல்லாம் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்துவிட்டு, அவரிடமே அவமானப்பட்டவன். உலகம் அவனை மாவீரன் என்கிறது. நான் பிழைக்கத் தெரியாதவன் என்கிறேன்.

அவன் எங்கள் வீட்டுக்குள் வந்தது கார் வழியாக. எங்களுக்கு டெக்சாஸில், ஆலன் என்ற ஊரில் வீடு. என் கணவருக்கு ரிச்சர்ட்சனில் ஆபீஸ். காலையும் மாலையும் ஃப்ரீவேயில் ஊர்ந்து போகிற நேரத்தில் கேட்பதற்கு, யாரோ ஒரு பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்து வைத்த வரலாற்றுத் தொடரைப் பிடித்துக்கொண்டார். ஊர் அரசியலைக் கேட்டு பிபி ஏற்றிக்கொள்வதற்கு இது தேவலை என்று விட்டுவிட்டேன். பிறகு சனிக்கிழமை மளிகை வாங்கப் போகும்போதும் அது ஓடியது. அப்புறம் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. பாரசீகர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள், இவன் எங்கே அகழி வெட்டி அவர்களை மடக்கினான் என்பதைத் தட்டில் முருங்கைக்காய்ச் சக்கையை வரிசையாக அடுக்கிக் காட்டுவார். சாதம் ஆறிப்போகும். சண்டை முடியாது.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு ஒரே மகள். கோயம்புத்தூரில் பிறந்தவள், மூன்று வயதில் இங்கே கூட்டிவந்தோம். அப்போது அவளுக்குப் பத்தொன்பது முடிந்து சில மாதங்கள். ரிச்சர்ட்சனில் யுனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் இந்த நாட்டில் இருந்தது அப்பாவின் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு. இருபத்தொன்று ஆகிவிட்டால் அந்த வால் அறுந்துவிடும், சட்டம் அப்படி. அதற்குள் எங்கள் கிரீன் கார்டு வரிசை நகர்ந்தால் அவளும் எங்களோடு உள்ளே வந்துவிடுவாள். நகராவிட்டால் அவள் தனி ஆள், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வரிசையோ கல்லில் கட்டிப் போட்ட மாதிரி அதே இடத்தில் இருந்தது. மாதாமாதம் வரிசை எதுவரை வந்திருக்கிறது என்று அரசாங்கம் தேதி வெளியிடும் நாளில் நான் அடுப்பை அணைத்துவிட்டு போனைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு மறுபடி அடுப்பைப் பற்றவைப்பேன்.

அந்த கிரீன் கார்டுக்கு எங்களை வரிசையில் நிறுத்தியவர் என் கணவரின் முதலாளி. கம்பெனி அவருடையது, எங்கள் ஈரோட்டுப் பக்கத்துக்காரர், நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். முன்பு ஒரு கம்பெனி என் கணவரை வெளியே அனுப்பியபோது, விசா முடிவதற்குச் சில நாட்கள் இருக்கையில், கூப்பிட்டு வேலை கொடுத்து கிரீன் கார்டுக்கும் போட்டுவிட்டவர் அவர்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நானும் படித்தவள்தான். ஆனால் உப்புப் போட்டவர் ஒவ்வொரு விசேஷத்திலும் பத்துப் பேர் முன்னால் உப்புக் கதையைச் சொன்னால் எத்தனை வருஷம் தாங்குவது? "இவன ஏர்போர்ட்டுல இருந்து திருப்பிக் கூட்டியாந்தவனுங்க நானு" என்பார். ஏர்போர்ட்டுக்கு நாங்கள் போகவே இல்லை. என் கணவர் சிரித்துக்கொண்டு நிற்பார்.

தளபதியும் அப்படித்தான் நின்றிருக்கிறான். ஆப்பிரிக்காவில் கார்த்தேஜைப் பிடித்து, அங்கே ஆண்ட வண்டாலர்களின் ராஜாவைக் கைதியாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தான். பெரிய வெற்றி ஊர்வலம் வைத்தார்களாம். ஊர்வலத்தின் முடிவில் அந்தத் தோற்ற ராஜாவைப் பேரரசர் முன்னால் குப்புற விழச் சொன்னார்கள். விழுந்தான். பக்கத்திலேயே ஜெயித்தவனும் குப்புற விழுந்தான். இதை என் கணவர் கண் மின்னச் சொன்னார்.

"எவ்வளவு ஜெயிச்சும் எவ்வளவு பணிவு பாரு."

மகள் போனிலிருந்து தலையைத் தூக்கி, "ஸோ போத் ஆஃப் தெம் லாஸ்ட்" என்றாள். எனக்கு அவளைத் தூக்கி முத்தம் கொடுக்க வேண்டும்போல இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த சமயம், சான்டா கிளாராவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு பெரிய கம்பெனி அண்ணாவின் கம்பெனிக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக என் கணவர் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ப்ளைட் ஏறிப்போய் அந்த வேலையை இழுத்து நிறுத்தியிருந்தார். அண்ணாவின் கம்பெனிமேல் அவர்களுக்குச் சலிப்பு வந்துவிட்டது, இவர்மேல் மட்டும் நம்பிக்கை இருந்தது. அங்கே தலைமையில் இருந்த ஒரு அமெரிக்க அம்மாள் இவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசியிருக்கிறாள். நீ எங்கள் பக்கம் டைரக்டராக வந்துவிடு, நீ மேலே இருந்து பார்த்துக்கொள்வதாக இருந்தால் உன் பழைய கம்பெனிக்கே இன்னும் மூன்று வருஷம் கான்ட்ராக்ட் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று. இதைவிடப் பெரிய விஷயம், அவர்களுடைய வக்கீல் இவர் பைலைப் பார்த்துவிட்டு, வேகமாக நகரும் வேறு பிரிவில் போடலாம், வரிசையில் எங்களுக்கிருந்த பழைய தேதியையே அங்கே எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொன்னது. உடனே ஆரம்பித்தால் மகளின் இருபத்தொன்றுக்குள் முடிந்துவிட நல்ல வாய்ப்பு இருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு.

என் கணவர் இரண்டு மாதம் மென்றார், விழுங்கினார். கடைசியில் ஒரு நாள் காரை கராஜில் நிறுத்திவிட்டு இறங்காமலே இருந்தார். நான் கதவைத் திறந்தபோது சொன்னார்.

"போயர்லாம். பாப்பாவுக்காகப் போயர்லாம். ஆனா அண்ணாகிட்ட நாந்தான் நேர்ல சொல்லோணும். பேப்பர் வர்ற வரைக்கும் யாருக்கும் மூச்சு விட்டுறாத."

"நான் யாருகிட்டங்க சொல்லப் போறேன்" என்றேன்.

இனி எழுதப்போவது எனக்கே பிடிக்காத பகுதி. சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பொங்கலுக்கு அண்ணா வீட்டில்தான் வருஷா வருஷம் எல்லாரும் கூடுவோம். பின்பக்கத்து யார்டில் கேஸ் சிலிண்டர் வைத்த பெரிய அடுப்பில் பானையை ஏற்றி, டெக்சாஸ் குளிரில் பட்டுப்புடவைமேல் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு சுற்றி நிற்போம். அண்ணாவின் மனைவி கரண்டியோடு நடுவில் நிற்பார். என்னைப் பார்த்து, "உனக்கென்ன கண்ணு, எங்க நெழல்ல உங்க ஊட்டுக்காரரு நல்லா இருக்காப்ல, நீயும் கவலையில்லாம இருக்கற" என்றார். சுற்றி ஏழெட்டுப் பெண்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னாரா, பேச்சுவாக்கில் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பதினாலு வருஷம் கேட்ட உப்புக் கதையெல்லாம் ஒன்றாக என் தொண்டைக்கு வந்தது.

"நெழல் இல்லாட்டியும் அவரு நிப்பாருங்க அக்கா. சான்டா கிளாராவுல டைரக்டர் சேரைப் போட்டுட்டு வா வான்னு கூப்பிடறாங்க."

பானை பொங்கியது. எல்லாரும் பொங்கலோ பொங்கல் என்றார்கள். அண்ணாவின் மனைவியும் சொன்னார், என்னைப் பார்த்துக்கொண்டே. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழை வந்த சந்தோஷம் இருந்திருக்கும். எனக்கு இருந்தது வெறும் வீம்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, போன் கூடப் பண்ணாமல், அண்ணாவும் மனைவியும் எங்கள் வாசலில் நின்றார்கள். கையில் தட்டு. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஆப்பிள், ஒரு முழம் பூ. பெண் கேட்டு வருகிறவர்கள் வருகிற மாதிரி. எங்கள் பக்கத்தில் தட்டோடு வந்தவரிடம் வாசலில் வைத்துப் பேச முடியாது, உள்ளே கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் சாப்பிடச் சொல்ல வேண்டும். நம் வீட்டுச் சாதத்தைச் சாப்பிட்டவரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூடாது. அண்ணாவுக்கு அது தெரியும். இலை போடவில்லையா என்று மட்டும்தான் கேட்கவில்லை, இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவி வந்த பிறகுதான் பேச்சை எடுத்தார். யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. அவர் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

"தம்பி, நீ போறேன்னா போ. நான் தடுக்க மாட்டேன். ஆனா என்ற கூடப் பொறந்தவன் போயிருந்தா எனக்கு இத்தன வலிச்சிருக்காது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பா என்றால் நடிப்பு என்றும் சொல்ல முடியாது. சில பேருக்குக் கண்ணீரும் காரியமும் ஒன்றாகவே வரும்.

என் கணவர் எழுந்து நின்றார். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"உங்கள உட்டுப் போட்டு நான் எங்கீங்கண்ணா போறது" என்றவர், தான் வந்தால்தான் கான்ட்ராக்ட் என்று அந்த அம்மாள் சொன்னதையும் சொல்லிவிட்டார்.

"அப்ப ஒண்ணு பண்ணு சாமி" என்றார் அண்ணா, அடுத்த மூச்சிலேயே. "கான்ட்ராக்ட் சைன் ஆகற வரைக்கும் அந்தம்மாகிட்ட வர்றேன்னே சொல்லி வெய்யி."

அவர்கள் போனதும் நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் நாய் குரைத்தது. பாப்பாவுக்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள் என்றேன். உங்களுக்குப் பிள்ளை அவரா, இவளா என்றேன். அவர் தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, தளபதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள், அந்த நேரத்தில்.

இத்தாலியில் ரவென்னா என்று ஒரு நகரம், கோத்தியர்களின் தலைநகரம். சுற்றிலும் சதுப்பு நிலம், லேசில் நுழைய முடியாது. முற்றுகை போட்டு உட்கார்ந்திருந்தவனிடம் கோத்தியர்களே வந்து, உன் பேரரசரை நாங்கள் நம்ப மாட்டோம், உன்னை நம்புகிறோம், நீயே எங்களுக்கு மேற்குத் திசைப் பேரரசராக இருந்துகொள், கதவைத் திறக்கிறோம் என்றார்கள். இவன் சரி என்பதுபோலக் காட்டிக்கொண்டான். அவர்கள் கதவைத் திறந்தார்கள். உள்ளே போனான். கஜானாவையும் ராஜாவையும் கப்பலில் ஏற்றிக் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கொண்டுபோய் அதே பேரரசரிடம் கொடுத்தான்.

"ஒரு ராஜ்யமே கைக்கு வந்தும் எஜமானனுக்குக் குடுத்த வார்த்தைய மீறல" என்றார்.

"கோத்தியனுக்கும் வார்த்தைதானுங்களே குடுத்தான். அது என்னாச்சு?"

அவர் வெற்றிலையைத் தட்டில் திரும்ப வைத்தார். ரவென்னாவில் இன்னொன்றும் நடந்ததாம், அதை அவர் முன்பே சொல்லியிருக்கிறார். அவனுடைய சிறிய படை ஊருக்குள் நடந்து வந்ததைப் பார்த்த கோத்தியப் பெண்கள், இந்தப் பொடிப்பசங்களுக்கா கதவைத் திறந்தீர்கள் என்று அவரவர் கணவன்மார் முகத்தில் காறித் துப்பினார்களாம். அந்த ஆளின் கதை முழுவதிலும் எனக்குப் பிடித்த இடம் அது ஒன்றுதான்.

கான்ட்ராக்ட் மாசிக் கடைசியில் கையெழுத்தானது. என் கணவர் சான்டா கிளாராவுக்குப் போய் அந்த அம்மாளோடு கைகுலுக்கி, மதியம் சேர்ந்து சாப்பிட்டு, மூன்று நாள் கழித்து வர முடியாது என்று மெயில் அனுப்பினார். அவள் ஒற்றை வரியில் பதில் போட்டாள். இனி உன்னோடு எனக்கு எந்த வேலையும் இல்லை. இவர் அதை என்னிடம் காட்டினார். தப்பு அவள்மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அண்ணா கேக் வெட்டினார். அடுத்த மாதமே என் கணவரை அந்த அக்கவுன்டிலிருந்து தூக்கினார். ஒரு தடவை கூப்பிட்டவர்கள் மறுபடியும் கூப்பிடுவார்கள், எதற்கு வம்பு என்று ஆபீஸில் யாரிடமோ சொன்னாராம். மூன்று வருஷம் இவருக்குக் கீழே இருந்தவருக்குக் கீழே, ஏதோ ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் பழைய சிஸ்டத்தைத் தடவிக்கொண்டிருக்க வைத்தார். அந்தப் பேரரசரும் ரவென்னாவுக்குப் பிறகு ஊர்வலம் வைக்கவில்லை. பரிசும் இல்லை, மரியாதையும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து அவனுடைய சொந்தக் காவல் வீரர்களைப் பிரித்து மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். ராஜ்யம் வேண்டாம் என்றவனைத்தான் ராஜாக்கள் அதிகம் சந்தேகப்படுவார்கள்போல.

அவனுக்கு ஒரு மனைவி இருந்தாள். போருக்கெல்லாம் கூடவே போனவள். ஆப்பிரிக்காவுக்குப் போகும் கப்பலில் எல்லாருடைய குடிதண்ணீரும் கெட்டுப்போனபோது, கண்ணாடி ஜாடிகளில் தண்ணீரை ஊற்றிக் கப்பலின் அடித்தளத்தில் மணலுக்குள் புதைத்து வைத்து அவனுக்குக் கெடாத தண்ணீர் கொடுத்தவள். அவனோடு இருந்து வரலாறு எழுதியவன், அவனுடைய கேடுகளுக்கெல்லாம் அவளே காரணம் என்று ரகசியமாக ஒரு புத்தகமும் எழுதிவைத்தானாம். என் கணவர் அதைச் சொன்னபோது நான் கையிலிருந்த பீங்கான் தட்டை சிங்க்கில் போட்டேன். உடைந்தது.

"எப்பப் பார்த்தாலும் பொம்பள மேலயே போடுங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கினார். அவருக்குத் தெரியாது என்றுதான் நான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரிசை நகரவில்லை. மகளுக்கு இருபத்தொன்று ஆகுமுன் அவளைத் தனி ஸ்டூடன்ட் விசாவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஒரு ஞாயிறு மதியம் அவள் டைனிங் டேபிளில் லேப்டாப்பைத் திறந்து விண்ணப்பத்தை நிரப்பினாள். நானும் அவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஸ்டூடன்ட் விசா என்றால், படிப்பு முடிந்ததும் என் நாட்டுக்குத் திரும்பிவிடுவேன், அங்கே எனக்கு வீடு இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

"வாட்ஸ் மை அட்ரஸ் இன் இந்தியா?" என்றாள்.

கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் பூட்டிக் கிடக்கும் என் மாமனார் வீட்டு விலாசத்தைச் சொன்னேன். கதவு எண், தெரு, போஸ்ட் ஆபீஸ். ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி அடித்தாள். அந்த வீட்டில் அவள் தூங்கியது மொத்தம் பத்து ராத்திரி இருக்குமா தெரியாது. அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். அடிப்பதை நிறுத்தினாள்.

எங்களோடு எப்போதும் இங்கிலீஷில் பேசுகிறவள், அப்போது தமிழில் கேட்டாள். அவளுடைய தமிழ் சின்னக் குழந்தையின் தமிழ், மூன்று வயதில் கொண்டுவந்தது.

"அப்பா, நாம போறோம்னு அந்த அங்கிளுக்கு யாரு சொன்னா?"

நான் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

"நாந்தான் சாமி" என்றார் அவர். "மனசு கேக்கல. வாய் தவறிச் சொல்லிப்போட்டேன்."

என் பக்கம் அவர் திரும்பவில்லை. மோரை ஊற்றிப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அவருக்குத் தெரிந்திருந்தது. தட்டோடு அவர்கள் வந்த அன்றைக்கே தெரிந்திருந்தது. ஒரு வருஷமாக என் கத்தலையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் இருந்திருக்கிறார். அந்த மனுஷனின் விசுவாசத்தை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன். அதற்குள் நானும் இருந்திருக்கிறேன்.

மகள் லேப்டாப்பை மூடினாள். "ஹி டிட் திஸ் டு மீ" என்றாள், என்னிடம். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

யுனிவர்சிட்டிக்குப் பக்கத்தில் ரூம் எடுத்துப் போய்விட்டாள். எனக்குத் தினமும் போன் பண்ணுகிறாள். அப்பாவோடு பேசி ஏழு மாதம் ஆகிறது. அவர் போனை வாங்க ஹாலில் எழுந்து நிற்பார், அவள் வைத்துவிடுவாள், அவர் மறுபடி உட்காருவார். ஒவ்வொரு தடவையும் அடுத்த முறை உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்கென்று மிச்சமிருப்பது அந்த ஒரு போன்தான். என் மகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன்.